பிளக்கைப் பிடுங்கிய குரு

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு, சிஷ்யருக்கு ஐம்பத்தொன்பது. அதைச் சொல்லி இருவரும் சிரிப்பதுண்டு. பாட நேரத்தில் மட்டும் சிரிப்பதில்லை.

குருவின் பெயர் ஜெசிந்தா. பாளையங்கோட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடி அறையில் இருந்துகொண்டு 'பேழை' என்ற தரவுத்தள மென்பொருளைக் கவனித்துவந்தார். பெயர், தேதி, அளவு என்று எதைக் கொடுத்தாலும் அட்டவணை அட்டவணையாக அடுக்கி வைத்துக்கொண்டு, கேட்கும்போது எடுத்துக் கொடுப்பது பேழையின் வேலை. அதற்கு முதலாளி கிடையாது. யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், பிழை கண்டால் எழுதிப் போடலாம். எழுதிப் போடுகிறவர்களில் பாதிப் பேர் திட்டித்தான் எழுதுவார்கள். ஜெசிந்தா அதையும் பொறுமையாகப் படிப்பார்.

சிஷ்யர் ஆவுடையப்பன், தொலைபேசித் துறையில் முப்பத்தைந்து வருடம் கம்பி இழுத்து ஓய்வுபெற்றவர். காது கேளாத குழந்தைகளுக்குக் கருவி வாங்கிக் கொடுக்கும் ஓர் அறக்கட்டளைக்குக் கணினி வேலை பார்த்துக் கொடுத்தார். அதற்காகத்தான் பேழையைக் கற்றுக்கொள்ள ஜெசிந்தாவிடம் வந்து சேர்ந்தார்.

ஒரு திங்கட்கிழமை காலை அவர் மாடி ஏறி வந்தபோது முகமே சரியில்லை.

"டீச்சர், பேழைல பெரிய பிழை இருக்கு. அறுவத்திமூணு புள்ளைங்க பேரைத் தின்னுட்டு."

"எப்போ சார்?"

"சனிக்கிழமை முகாம்ல பதிஞ்சோம். சாயங்காலம் கரண்ட் போச்சு. திரும்ப வந்ததும் பாத்தா ஒண்ணையும் காணோம்."

பெயர் மட்டும் போயிருந்தால் மறுபடி கேட்டு எழுதிவிடலாம். ஒவ்வொரு குழந்தையின் இரண்டு காதுகளையும் சோதித்து எடுத்த அளவுகளும் அதோடு போயிருந்தன. சோதித்த டாக்டர் மதுரைக்குத் திரும்பிவிட்டார். வெள்ளிக்கிழமைக்குள் பட்டியல் போனால்தான் அந்த அளவுக்குக் கருவி வரும். தவறினால் அடுத்த வருடம்தான்.

"எழுதிக் கொடுங்க," என்றார் ஜெசிந்தா.

"பிழையை எப்படி எழுதணும் டீச்சர்?"

"பாத்ததை எழுதுங்க. செஞ்சதை எழுதுங்க. நினைச்சதை எழுதாதீங்க."

ஆவுடையப்பன் ஒரு பக்கம் எழுதினார். பேழை எப்படி நடக்க வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லும் அமைப்புக் கோப்பையும் கூடவே வைத்தார். படிவத்தின் கடைசியில் 'நகல் இருக்கிறதா?' என்றொரு கேள்வி இருந்தது. அந்த இடத்தில் கொஞ்ச நேரம் தயங்கி, 'இல்லை' என்று எழுதினார்.

ஜெசிந்தா முழுவதும் படித்தார்.

"கரண்ட் போச்சு, பதிவைக் காணோம்னு இதே மாதிரி பதினாலு புகார் ஏற்கெனவே இருக்கு சார். எல்லாத்தையும் அவங்க சொன்னபடி செஞ்சு பாத்தோம். இங்க வரலை. மூடிட்டோம்."

"வரலைன்னா?"

"அந்தப் பிழை எங்க கண்ணு முன்னால நடக்கலை. நடக்காததை எப்படிச் சரிபண்ண?"

மேசைக்கு அடியிலிருந்து ஒரு பழைய கணினியை இழுத்தார். பேழையை நிறுவினார். ஆவுடையப்பன் கொடுத்த அமைப்புக் கோப்பை அப்படியே வைத்தார். அறுபத்துமூன்று கற்பனைப் பெயர்களை ஏற்றினார். பிறகு குனிந்து, ஓடிக்கொண்டிருந்த கணினியின் பிளக்கைப் பிடுங்கினார்.

ஆவுடையப்பனுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

ஜெசிந்தா பிளக்கை மறுபடி மாட்டி, கணினியைக் கிளப்பி, எண்ணிப் பார்த்தார். அறுபத்துமூன்றும் இருந்தன.

"வரலை," என்றார். மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

திங்கட்கிழமை ஆறு முறை பிடுங்கினார். செவ்வாய்க்கிழமை காலை வந்து உட்கார்ந்து மறுபடி பிடுங்கினார். முதல் முறை செய்த அதே நிதானத்தோடு எட்டாவது முறையும் செய்தார். பார்த்துக்கொண்டிருந்த சிஷ்யருக்குத்தான் உட்கார முடியவில்லை.

"வேற ஏதாவது செஞ்சு பாக்கலாமே டீச்சர்."

"நீங்க எழுதினதுல வேற எதுவும் இல்லையே சார்."

ஒன்பதாவது முறை கணினி கிளம்பவே யோசித்தது.

"மிஷின் கெட்டுப்போயிரும் டீச்சர்."

"போனாப் போகுது. நீங்க எழுதினதை நம்பித்தான் செய்யுதேன்."

ஆவுடையப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பதினோராவது முறையும் அறுபத்துமூன்று வந்தது. அப்போது அவருடைய கைப்பேசி அடித்தது. களக்காட்டிலிருந்து இசக்கியம்மாள். முகாமுக்கு ஆறு வயது மகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்.

"சார், எம் புள்ள பேரு லிஸ்ட்ல இருக்குல்லா?"

"இருக்கும்மா."

"சத்தம் கேக்கும்னு டாக்டர் சொன்னாரு. அதான் கேட்டேன் சார். வச்சிருதேன்."

அவர் கைப்பேசியைப் பைக்குள் வைத்தார். ஜெசிந்தா பன்னிரண்டாவது முறையாகப் பிளக்கில் கை வைத்திருந்தார்.

"நில்லுங்க டீச்சர்."

ஜெசிந்தா கையை எடுத்தார்.

"நாப்பத்தோராவது வரியை மாத்திட்டுப் பிடுங்குங்க."

அமைப்புக் கோப்பின் நாற்பத்தோராவது வரி 'வட்டுக்குக் காத்திரு: ஆம்' என்று இருந்தது. ஒரு பதிவு கணினியின் வட்டில் போய் விழுந்ததை உறுதிசெய்துகொண்ட பிறகுதான் பேழை அடுத்ததைத் தொட வேண்டும் என்று அதற்குப் பொருள். காத்திருக்காவிட்டால் வேலை வேகமாக முடியும்; ஆனால் கரண்ட் போனால் வட்டில் விழாததெல்லாம் போய்விடும். அந்த வரியைத் தொடவே கூடாது என்பது ஜெசிந்தாவின் முதல் நாள் பாடம்.

"என்னன்னு மாத்த?"

"இல்லைன்னு."

ஜெசிந்தா மாற்றினார். பெயர்களை ஏற்றினார். பிடுங்கினார், மாட்டினார், எண்ணினார். பத்தொன்பதுதான் இருந்தது.

"வந்துருச்சு!" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து கைதட்டினார் ஜெசிந்தா. "சார், வந்துருச்சு சார்!"

ஜெராக்ஸ் கடைக்காரர் பாதிப் படி ஏறிவந்து, யாருக்கு என்ன வந்தது என்று கேட்டுவிட்டுப் போனார்.

திட்டு விழும் என்று தலையைக் குனிந்து நின்ற ஆவுடையப்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. அந்தச் சந்தோஷத்தைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகைதான் வந்தது. எல்லாவற்றையும் கொட்டினார்.

"முகாமுக்கு முந்தின நாள் பழைய பேரு மூவாயிரத்தை ஏத்துனேன் டீச்சர். நாப்பது நிமிஷம் ஆகியும் முடியலை. இந்த வரியை மாத்துனா சீக்கிரம் முடியும்னு இன்டர்நெட்ல ஒருத்தன் போட்டிருந்தான். மாத்துனேன், மூணு நிமிஷத்துல முடிஞ்சுது. திருப்பி வைக்க மறந்துட்டேன். எல்லாம் போன பெறகுதான் ஞாபகம் வந்துது. சரியா மாத்தி வச்சுட்டுத்தான் உங்ககிட்ட கோப்பைக் கொண்டுவந்தேன்."

"சரி."

"இன்னொண்ணும் இருக்கு டீச்சர். நகல் இருக்கு. இங்க பக்கத்துல வண்ணாரப்பேட்டைல, அறக்கட்டளை ஆபீஸ்ல இருக்க இன்னொரு கம்ப்யூட்டருக்கு மணிக்கு ஒருதரம் போகுது. அதைப் பிரிச்சுச் சேக்க எனக்குத் தெரியாது. உங்ககிட்ட குடுத்தா அதுக்குள்ள அந்த வரியும் 'இல்லை'ன்னு இருக்கும், பாத்துருவீங்க. அதான்..."

ஜெசிந்தா ஸ்கூட்டர் சாவியை எடுத்தார்.

"வாங்க சார். மணி ரெண்டுதான் ஆகுது."

நாலரை மணிக்கு வண்ணாரப்பேட்டை அலுவலகத்தில் அறுபத்துமூன்று பெயர்களும் அவற்றின் அளவுகளும் திரைக்கு வந்துவிட்டன. முகாம் முடிந்த பிறகு, கரண்ட் போவதற்குப் பத்து நிமிடம் முன்னால் கடைசி நகல் போயிருந்தது. ஆவுடையப்பன் ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். படித்து முடித்ததும் மூன்று நாளாக மூச்சே விடாதவர் போலப் பெரிதாக ஒரு மூச்சு விட்டார். பிறகு அவரே களக்காட்டுக்கு அழைத்தார்.

"உங்க புள்ள பேரு இருக்கும்மா."

"அதான் மத்தியானமே சொன்னியள்லா சார்?"

"ஆமாம்மா. இப்பம் பாத்துட்டுச் சொல்லுதேன்."

பட்டியல் புதன்கிழமையே போய்ச் சேர்ந்தது.

வியாழக்கிழமை ஆவுடையப்பன் மாடி ஏறி வந்தபோது ஜெசிந்தா பேழையில் ஒரு திருத்தத்தை எழுதி முடித்திருந்தார். நாற்பத்தோராவது வரி 'இல்லை' என்று இருந்தால், பேழை இனி ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் முதல் வேலையாக அதைச் சிவப்பில் எழுதிக் காட்டும். மூடிக் கிடந்த பதினான்கு புகார்களையும் மறுபடி திறந்து, அந்த ஒரு வரியைப் பற்றி மட்டும் கேட்டிருந்தார். அதற்குள் ஒன்பது பேரிடமிருந்து பதில் வந்திருந்தது. ஒன்பது பேருமே மாற்றியிருந்தார்கள்.

திருத்தத்தின் கீழே இருந்ததை ஆவுடையப்பன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார்.

'தெரிவித்தவர்: ஆவுடையப்பன், பாளையங்கோட்டை.'

"டீச்சர், இதை எடுத்துருங்க."

"ஏன் சார்?"

"தப்புப் பண்ணினவன் நான். இவங்க ஒம்பது பேரும்தான் பண்ணியிருக்காங்க. என் பேரை மட்டும் போட்டா உலகமே பாக்கும்லா?"

ஜெசிந்தா திரையை அவர் பக்கம் திருப்பினார்.

"இவங்ககிட்ட நாப்பத்தோராவது வரியைப் பத்தி நான் கேட்டேன், சொன்னாங்க. உங்ககிட்ட நான் கேக்கலையே சார்."