சேற்றில் ஒரு சக்கரம்

குரு என்றதும் காவியையும் கமண்டலத்தையும் தேடினால் ஏமாந்து போவீர்கள். இந்தக் கதையின் குருவுக்கு முப்பத்தெட்டு வயசு, முழங்கை வரைக்கும் கிரீஸ். பேர் பிலோமினா. கொஞ்ச காலம் ஐ.டி.ஐ.யில் பாடம் எடுத்ததால் செட்டிபாளையம் சாலையில் எல்லாருக்கும் அவள் டீச்சர். ரேஸ் ஓட்டுகிறவர்களின் கார்களை அக்கு அக்காகப் பிரித்துப் பூட்டுவது தொழில்.

சிஷ்யர் கனகசபாபதிக்கு ஐம்பத்து நாலு. நூல் மில்லில் இருபத்தெட்டு வருஷம் ஃபிட்டராக இருந்தவர். மில்லை மூடிய பிறகு வீட்டில் சும்மா உட்கார முடியாமல் இங்கே வந்து சேர்ந்தார். கை சுத்தமான வேலைக்காரர், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் மில் பழக்கம் ஒன்று மனுஷரை விடவில்லை. எந்த மெஷின் சத்தம் போட்டாலும் ஓடிப்போய் ஸ்விட்சை அணைப்பார், திறந்து பார்ப்பார். சத்தம் போடாத மெஷின் பக்கம் தலை வைத்தும் படுக்கமாட்டார்.

அன்றைக்கு மஞ்சள் நிற ஸ்போர்ட்ஸ் கார் ஒன்று வந்திருந்தது. பின்சக்கரங்களுக்கு நடுவில் டிஃபரன்ஷியல் என்று ஒரு பல்சக்கரப் பெட்டி இருக்கும். இன்ஜின் தருகிற விசையை ரெண்டு சக்கரத்துக்கும் பிரித்துவிடுவது அதுதான். கம்பெனி வைத்ததைக் கழற்றிவிட்டு, வெளியே வாங்கிய வேறொன்றை மாட்ட வேண்டும். புதுசுக்குப் பேர் லிமிடெட் ஸ்லிப்.

காலையிலிருந்து சபாபதிக்கு வேலையில் மனசு ஒட்டவில்லை.

"என்னங்கண்ணா, கழட்டச் சொன்னா இறுக்கிட்டு இருக்கீங்க?"

சபாபதி ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

"அம்மிணி இன்னைக்கு சாயந்தரம் புனே கிளம்புதுங்க டீச்சர். வேலை கெடைச்சிருக்குது."

"நல்லதுதானுங்களே."

"ஆறு மணி ரயிலு. ஸ்டேசனுக்கு வர்றேன்னேன். 'எதுக்குங்கப்பா, தரணிக்கு ஏதாச்சும் ஆகியிருக்கும், நீங்க அதைப் பாருங்க'ன்னுருச்சு. கோவமாச் சொல்லியிருந்தாக்கூடப் பரவால்லைங்க. சிரிச்சுட்டே சொல்லுச்சு."

அந்தச் சிரிப்புதான் அவரை ராத்திரி முழுக்கத் தூங்கவிடவில்லை. மகள் இந்தத் தடவை போனால் விருந்தாளியாகத்தான் திரும்பி வருவாள் என்று பயந்தார்.

தரணி மகன். காலேஜை ரெண்டாம் வருஷத்தில் விட்டான். போட்டோ ஸ்டுடியோ வைத்தான், அதையும் விட்டான். இப்போது வண்ணமீன் கடை. ஒவ்வொரு தடவையும் யார் யாரிடமோ போய்க் கைகட்டி நின்றது அப்பன்தான். மகள் வினோதினி எதற்கும் கூப்பிட்டதில்லை. பள்ளிக்கூட விழாவில் மூன்று தடவை பரிசு வாங்கினாள். மூன்று தடவையும் சபாபதி தரணிக்குப் பின்னால் எங்கேயோ அலைந்துகொண்டிருந்தார்.

"வழுக்கறவனுக்குத்தானுங்களே கை கொடுக்கோணும்? நேரா நடக்கற புள்ளைக்கு என்னத்துக்குங்க? இதுல நான் என்னங்க தப்புப் பண்ணிட்டேன்?"

டீச்சர் கார் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள்.

"வண்டியை எடுத்துட்டுப் போயி கழுவற எடத்துல நிறுத்துங்க. இடது பின்சக்கரம் சேத்துல இருக்கோணும். மத்ததெல்லாம் காங்கிரீட்டு மேல."

நிறுத்தினார். டீச்சர் டீ கிளாசோடு வந்து காருக்கு நேர் முன்னால் நின்றுகொண்டாள்.

"முதல் கியர் போட்டு மிதிங்க."

"நீங்க முன்னால நிக்கறீங்க டீச்சர்."

"நிக்கறேன். மிதிங்க."

பயந்து பயந்து மிதித்தார். இடது சக்கரம் சேற்றில் விர்ரென்று சுற்றியது. வண்டி நகரவில்லை.

"இன்னும்."

இன்ஜின் அலறியது. சேறு பின்சுவர் வரைக்கும் தெறித்தது. டீச்சர் ஆற அமர டீயைக் குடித்து முடித்தாள்.

"போதும். எறங்கி வந்து பாருங்க. சேத்துல இருந்த சக்கரம் எங்கிருக்குது?"

"மிதிக்க மிதிக்கக் குழிதானுங்க பறிச்சிருக்குது. ஒரு சாண் கீழ போயிருச்சு."

"வலது சக்கரம்?"

"அது நல்ல தரையில அப்படியே இருக்குதுங்க."

"மிதிச்சதுல அதுக்கு எவ்வளவு போச்சு?"

சபாபதி குனிந்து பார்த்தார். காய்ந்த டயர், ஒரு துளி சேறு இல்லை.

"ஒண்ணும் போகலைங்க போல."

"பழசு அப்படித்தான். எது வழுக்குதோ அதுக்கே அத்தனையும் ஊத்தும். வாங்க, பலகை போட்டுத் தள்ளுவோம்."

பழைய பெட்டியை இறக்கினார்கள். அதிலிருந்த பெரிய பல்சக்கரத்தைப் புதுசில் ஏற்றி, பல்லுக்கும் பல்லுக்கும் உள்ள இடைவெளியை டயல் கேஜ் வைத்து நாலு இடத்தில் அளந்தார்கள். முந்தின நாளே எண்ணெயில் ஊறப்போட்ட வட்டத் தட்டுகளை சபாபதி ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். பாதியில் கை நின்றது.

"டீச்சர், இத்தனை தட்டும் ஸ்பிரிங்கும் எதுக்குங்க? பழசையே உள்ள வெல்டு வெச்சு ஒட்டிட்டா? ரெண்டு சக்கரத்துக்கும் சரிசமமாப் போயிருமல்லங்க?"

அவர் மனசுக்குள் வேறொரு வெல்டு ஓடிக்கொண்டிருந்தது. இனிமேல் மகனுக்கு ஒன்று என்றால் மகளுக்கும் ஒன்று, தராசு பிடித்தாற்போல.

"நேர் ரோட்டுல போகும்" என்றாள் டீச்சர்.

"திருப்பத்துல?"

"திருப்பத்துல வெளிச்சக்கரம் நெறையத் தூரம் போகோணும், உள்சக்கரம் கொஞ்சத் தூரம். ரெண்டும் ஒரே மாதிரி நடன்னா டயரு தேயும். இல்லாட்டி வண்டி திரும்பவே திரும்பாது."

"அப்ப இது என்ன பண்ணுமுங்க?"

"அதது போற போக்குல விடும். ஒண்ணு ஒரேயடியா வழுக்கினா தட்டெல்லாம் ஒண்ணையொண்ணு புடிச்சு, நிக்கற சக்கரத்துக்கும் பங்கு தரும்."

"வழுக்கறதைக் கை விட்டுருமா?"

"விடாது. அதுக்கும் போயிட்டுத்தான் இருக்கும்."

சபாபதி மீதித் தட்டுகளை அடுக்கினார்.

மூன்று மணிக்கு வண்டி தரையில் இறங்கியது. "மெதுவா எட்டு போடுங்க. இருபது நிமிசம்" என்றாள் டீச்சர். தட்டுகள் ஒன்றுக்கொன்று பழக அதுதான் வழி. இப்படியும் அப்படியும் வளைந்து வளைந்து ஊர வேண்டும்.

லைசென்ஸ் எடுக்கப் போகிறவர் கணக்காக, ஐம்பத்து நாலு வயசு மனுஷர் ஸ்போர்ட்ஸ் காரில் எட்டு போட ஆரம்பித்தார். எதிர் பேக்கரியில் நின்ற ஒருவர், "அண்ணனுக்கு இன்னும் லைசென்ஸ் குடுக்கலையாட்ட இருக்குது" என்றார். சபாபதிக்குச் சிரிப்பு வரவில்லை. ஒவ்வொரு வளைவிலும் பின்னாலிருந்து கடகட கடகடவென்று சத்தம் வந்தது. மூன்றாவது எட்டில் இன்ஜினை அணைத்துவிட்டு ஸ்பேனரோடு இறங்கினார்.

"எதுக்குங்கண்ணா நிறுத்துனீங்க?"

"சத்தம் வருதுங்க. எங்கியோ தப்பாக் கோத்துட்டேன். திறந்து பாத்துருவோம்."

"தப்பெல்லாம் இல்ல. தட்டுங்க இப்பத்தான் புடிச்சுப் பழகுது. முதல்ல சத்தம் போடத்தான் செய்யும். நடுவுல நிறுத்துனா எப்பப் பழகும்? ஓட்டுங்க."

பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினார். இருபது நிமிஷம் முடிந்தபோது சத்தம் பாதியாகக் குறைந்திருந்தது. முழுசாகப் போகவில்லை.

இறங்கும்போது போன் அடித்தது. தரணி.

"அப்பா, உடனே வாங்க. கட்டடத்துக்காரரு தொட்டியெல்லாம் வெளிய எடுன்னு கத்தறாரு. மீனெல்லாம் செத்துரும்ப்பா."

சபாபதியின் கை தானாகவே பைக் சாவிக்குப் போனது. பழகிய கை. மணி மூன்றரை. மீன்கடை இருப்பது பொள்ளாச்சியில், போகவே ஒரு மணி நேரம். போய் அந்த ஆளோடு பேசி முடித்துத் திரும்பினால் ரயில் போய்விட்டிருக்கும். அது அவருக்கு நன்றாகத் தெரியும்.

"இருடா, கூப்பிடறேன்" என்றுவிட்டு டீச்சரைப் பார்த்தார்.

டீச்சர் சேற்றைக் காட்டினாள். "காலைல நிறுத்துன அதே எடத்துல."

அதே குழியில் இடது சக்கரத்தை இறக்கினார். டீச்சர் இந்தத் தடவை தள்ளிப்போய்ச் சுவரோரம் நின்றாள்.

"முன்னால நிக்கலைங்களா டீச்சர்?"

"உசுரு மேல ஆசை இருக்குதுங்கண்ணா."

மிதித்தார். இடது சக்கரம் ஒரு கணம் சுற்றியது. பிறகு வலது சக்கரம் தரையைப் பிடித்தது. ரெண்டுமாகச் சேர்ந்து வண்டியைக் குழியிலிருந்து வெளியே கொண்டுவந்து நிறுத்தின. சபாபதி கண்ணாடியில் பின்னால் தெரிந்த காலிக் குழியைப் பார்த்தார். அப்புறம் போனை எடுத்தார்.

"சாமி, காத்து மோட்டாரை ஓட விடு, மீனு சாகாது. அவருகிட்ட நீயே நிதானமாப் பேசு. நாளைக்குக் காலைல நான் வந்தர்றேன்."

"நானாப்பா?"

"நீதான். உன்ற அக்கா இன்னைக்கு ஊருக்குப் போகுது."

போனை வைத்தார்; மகன் கூப்பிட்டு அவர் ஓடாதது இதுதான் முதல் தடவை. பாவி, பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டோமே என்று அடித்துக்கொண்டது மனசு.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவினார், சட்டையை மாற்றினார். பைக்கை வாசல் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனவர் திரும்பி வந்தார்.

"டீச்சர்."

"சொல்லுங்கண்ணா."

"நான் போயி ஸ்டேசன்ல நின்னு, அம்மிணி வெடுக்குனு ஏதாச்சும் கேட்டுப்புட்டா? இத்தனை வருசம் எங்கிருந்தீங்கன்னு கேட்டுப்புட்டா?"

டீச்சர் டயல் கேஜைத் துடைத்துப் பெட்டியில் வைத்து மூடினாள்.

"கேட்டாக் கேக்கட்டுமுங்கண்ணா. முதல்ல சத்தம் வரத்தான் செய்யும். நீங்க ஸ்விட்சை மட்டும் அணைச்சிராதீங்க."