செங்கால் நாரை பாட்டை விட்ட கதை

ஊர்ப் பொது ரொட்டி அடுப்பின் வைக்கோல் கூரை பற்றிக்கொண்டது. அதைப் பார்த்தது செங்கால் நாரை எக்பெர்ட் மட்டும்தான். அதற்கோ மூன்று நாள் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு.

மனிதரும் பறவைகளும் ஒரே பாஷை பேசிய அந்தக் காலத்தில், ஜெர்மனியில் எர்லன்வீக் என்றொரு சின்ன ஊர். நாற்பது வீடு, பதினொரு சங்கம். முயல் வளர்க்கிறவர்களுக்குக்கூட ஒரு சங்கம் இருந்தது. எதிலும் சேராதவருக்கு ஊருக்குள் இடமில்லை. அதனால் எக்பெர்ட் ஆற்றோரச் சேற்றில் கூடு கட்டி, வருஷா வருஷம் வெள்ளத்தில் முட்டைகளைப் பறிகொடுத்தது. பாட்டுச் சங்கத் தலைவி வால்புர்கா ஒருநாள் அதன் குரலைக் கேட்டாள். அறுவடைத் திருவிழாவில் தனிப்பாட்டைப் பாடினால் தேவாலயக் கூரையில் இடம், அதற்கு முந்தின மூன்று நாளும் வாயைத் திறந்து தொண்டையைக் கெடுத்துக்கொள்ளாதே என்றாள்.

தீப்பிடித்த அன்றைக்கு மறுநாள் திருவிழா. ஊரே ஒத்திகை மண்டபத்தில் இருந்தது. காற்றுப் பட்டால் தொண்டை கட்டுமென்று ஜன்னல்களை இறுக்கிச் சாத்தியிருந்தார்கள்.

எக்பெர்ட் தீயைப் பார்த்தது. தேவாலயக் கூரையைப் பார்த்தது. உடனே கத்தியது என்று சொன்னால் பொய். அடுத்த கூரைக்கும் தீ தாவிய பிறகுதான் கத்தியது. உள்ளே யாருக்கும் கேட்கவில்லை. இன்னும் கத்தியது. தொண்டையில் ஏதோ கிழிந்தது. அப்புறம் வெறும் காற்றுதான் வந்தது. ஜன்னல் விளிம்பில் போய் உட்கார்ந்து, அலகோடு அலகைப் படபடவென்று அடித்தது.

வால்புர்கா ஜன்னலைத் திறந்தாள். "யாருடா அது, தாளத்தைக் கெடுக்கிறது?"

புகை உள்ளே வந்தது.

இரண்டு கூரை போனது, மற்றதெல்லாம் தப்பியது. வால்புர்கா எக்பெர்ட்டை ஒரு வரி பாடச் சொன்னாள். வரவில்லை.

"பாடாதவனுக்கு இடம் இல்லை. விதி விதிதான்."

முகமெல்லாம் கரியாக நின்ற தீயணைப்புச் சங்கத்து உல்ரிஷ் சொன்னான்: "அப்போ எங்க சங்கத்துல இருக்கட்டும். எங்களுக்குப் பாட்டு எதுக்கு?"

பழைய வண்டிச் சக்கரம் ஒன்றைத் தேவாலயக் கூரைமேல் படுக்க வைத்துக் கட்டினார்கள். எக்பெர்ட் அதில் கூடு கட்டியது.

செங்கால் நாரை குரலை விட்டுவிட்டு அலகைத் தட்டுவதும், அந்தப் பக்கத்து ஊர்க்காரர்கள் கூரையில் சக்கரம் வைத்து அதை வரவேற்பதும் அன்று முதல்தான். வால்புர்கா மட்டும் ஒரு நிபந்தனை போட்டாள்: ஒத்திகை நேரத்தில் தட்டக் கூடாது. எக்பெர்ட் சரியென்று தலையாட்டியது. தட்டுவதை நிறுத்தவில்லை.