எண்ணூறு சோதனையில் பாதி

ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையின் மேல்மாடியில் மூன்று பேர் மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தார்கள். தலைவர் மாசிலாமணி, சொன்ன சொல்லைத் தட்டாத மனிதர். கோதண்டமும் தெய்வானையும் அவர் சொல்லைத் தட்டாதவர்கள்.

ஆம்னி பஸ்காரர் ஒருவருக்காக டிக்கெட் பதிவு செய்யும் மென்பொருள் அது. பொங்கலுக்கு முந்தின நாள் அவருடைய புது வண்டி மதுரைக்குக் கிளம்பியாக வேண்டும். அவரை விட்டால் கம்பெனிக்கு வேறு வாடிக்கையாளர் கிடையாது.

எங்கேயாவது கெட்டிருக்கிறதா என்று கம்ப்யூட்டரே பார்த்துச் சொல்ல எண்ணூறு சோதனைகள் இருந்தன. "புரோகிராமைத் தொட்டா எண்ணூறும் ஓடணும்" என்பது முதலாளி சடையப்பன் உத்தரவு. ஓடி முடிய மூன்று மணி நேரம்.

ஒருநாள் கோதண்டம், "அண்ணே, இந்த வரியைப் பாருங்க" என்று திரையில் விரலை வைத்தான். மாசிலாமணிக்குப் பகீரென்றது.

"தொட்டுட்டியேப்பா!"

எண்ணூறும் ஓடின. மறுநாள் அதே வரியில் ஓர் ஈ உட்கார்ந்தது. அதற்கும் ஓட்டினார்கள். தெய்வானை ஈயை விரட்டும்போது கை பட்டது. அதற்குத் தனியாக ஓட்டினார்கள்.

சோதனைக்காக வாடகைக்கு எடுத்த கம்ப்யூட்டர் ஒன்று பன்னிரண்டானது. பில்லைப் பார்த்த சடையப்பன் மாடிப்படி அதிர ஏறி வந்தார்.

"ஈ உட்கார்ந்ததுக்கெல்லாமாய்யா ஓட்டுவீங்க? பாதியாக் குறைங்க!"

கதவைச் சாத்திக்கொண்டு மூவரும் ஆலோசித்தார்கள்.

"எந்தப் பாதியை விடுறது?" என்றார் மாசிலாமணி.

"பின்னாடி நானூறை விட்டுரலாம் அண்ணே" என்றான் கோதண்டம்.

"அது என்ன பாவம் பண்ணுச்சு?" என்றாள் தெய்வானை. பின்னாடி நானூறும் அவள் எழுதியவை. "எண்ணூறும் ஓடட்டும். ஒவ்வொண்ணையும் பாதியில நிறுத்திருவோம்."

மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது. இத்தனை வருஷ சர்வீஸில் இப்படியொரு நியாயம் தனக்குத் தோன்றவில்லையே!

பயணி கேட்டால் சீட்டு கிடைக்கிறதா என்பது ஒரு சோதனையின் முதல் பாதி. அதே சீட்டு இன்னொருவருக்கும் போய்விடுகிறதா என்பது பின் பாதி. முதல் பாதியோடு நிறுத்தினார்கள். திரையில் சரி என்று பச்சை விளக்கு எரிந்தது. எண்ணூறுக்கும் எரிந்தது.

சடையப்பனுக்கு மட்டும் மனசு கேட்கவில்லை. "சீட்டு ஒதுக்குற இடம்தான்யா சிக்கல். அதை நல்லாக் கவனிங்க."

கோதண்டம் அந்தப் பக்கத்தைத் திரையில் திறந்து, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு எதிரே உட்கார்ந்தான். சாயங்காலம் வந்து சொன்னான்: "காலையில இருந்து கவனிக்கிறேன் அண்ணே. ஒண்ணும் அசையல."

"நீ பார்த்துட்டு இருக்கும்போது எப்படிப்பா கெடும்?" என்று மாசிலாமணி நிம்மதியாக வீட்டுக்குப் போனார்.

அது போன வாரமே கெட்டிருந்தது.

பொங்கலுக்கு முந்தின நாள் பஸ் ஸ்டாண்டில் நாற்பது பயணிகள் நின்றார்கள். நாற்பது பேர் டிக்கெட்டிலும் ஒன்றாம் நம்பர் சீட்டு. ஒரே கூச்சல். பஸ்காரர் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார். வண்டியை வழியனுப்ப வந்திருந்த மூவரிடமும் சடையப்பன் போனில் கத்தினார்: "ஆளை சீட்டுல உட்கார வச்சு, முழுசா சோதிச்சுட்டு வண்டியை எடுங்கய்யா!"

மாசிலாமணி நாற்பது பேரையும் வரிசையில் நிறுத்தி, ஒவ்வொருவராக ஒன்றாம் சீட்டில் உட்கார வைத்தார். சாயச் சொன்னார், எழுந்திருக்கச் சொன்னார். கொஞ்சம் பெருத்த உடம்புக்காரர் ஒருவர் சிக்கிக்கொண்டார், இழுத்ததும் வந்துவிட்டார். தெய்வானை எல்லாருக்கும் டிக் போட்டாள். பெருமை தாங்காமல் மாசிலாமணி போன் செய்தார்.

"நாற்பது பேரும் பாஸ் சார்! அந்த சீட்டு எல்லாருக்கும் பொருந்துது. மீதி முப்பத்தொன்பது சீட்டுக்குத்தான் வேலையே இல்ல."



"அப்போ அதையெல்லாம் கழட்டிப் போடுங்கய்யா!" என்று அலறிவிட்டு சடையப்பன் போனை வைத்தார்.

கோதண்டம் பக்கத்து ஒர்க்‌ஷாப்பில் ஸ்பேனர் வாங்கிவந்தான்.

ஆறு மணிக்கு மதுரை வண்டி ஒரே ஒரு பயணியோடு, ஒரு நிமிஷம்கூடத் தாமதமில்லாமல் கிளம்பியது. மற்ற முப்பத்தொன்பது பேரும் பிளாட்பாரத்தில், ஆளுக்கொரு சீட்டில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, மதுரை எப்போது வரும் என்று தெய்வானையிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.