முங்கன் வீடு மாறிய கதை

ஆற்றங்கரைக் காட்டில் முங்கன் என்றொரு நீர்நாய் இருந்தது. தண்ணீரில் யார் விழுந்தாலும் பாய்ந்து போய்க் கரை சேர்ப்பதுதான் அதன் வேலை. வேலையில் படு கெட்டி. வாய்தான் கொஞ்சம் நீளம்!

அந்தக் காட்டில் ஒரு வழக்கம் உண்டு. முள் எடுக்கும் மரங்கொத்தியோ, வளை தோண்டித் தரும் எலியோ, யாராயிருந்தாலும் மடுவோரப் பாறையில் இருக்கும் ஆமையிடம் போய், "என் வேலை இது, நான் இருக்கிற இடம் இது" என்று சொல்லி வைக்க வேண்டும். உதவி வேண்டியவர்கள் ஆமையிடம் வந்து கேட்பார்கள். ஆமைக்கு முள் எடுக்கவும் தெரியாது, வளை தோண்டவும் தெரியாது. ஆனால் யார் எங்கே என்பது தெரியும். ஆமை எங்கே என்பதோ எல்லோருக்கும் தெரியும். அது அந்தப் பாறையை விட்டு நகர்ந்தால்தானே!

முங்கனும் எப்போதோ போய், "மருத மரத்து வேரடியிலே இருக்கேன்" என்று சொல்லி வைத்திருந்தது.

ஐப்பசியில் வெள்ளம் வந்தது. வேரடி முழுக்கச் சேறு புகுந்துவிட்டது. முங்கன் மனைவியையும் குட்டிகளையும் கூட்டிக்கொண்டு, ஆற்றோடு வெகுதூரம் கீழே போய், ஒரு மூங்கில் புதரடியில் குடியேறியது.

"ஆமையக்காகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துருங்களேன்" என்றது மனைவி.

"நான் போய்ச் சொல்லணுமா? முங்கன் எங்கேன்னு கேட்டா காடே சொல்லும்! நீ வேலையைப் பாரு!"

நாட்கள் போயின. ஒருவர்கூடக் கூப்பிடவில்லை. முங்கனுக்கு முதலில் ஆச்சரியம், அப்புறம் கோபம், அப்புறம் தாங்க முடியாத வேதனை. பாவம், பிடித்த மீன்கூடத் தொண்டையில் இறங்கவில்லை.

"எத்தனை பேரைக் காப்பாத்தியிருப்பேன்! எல்லாரும் என்னை மறந்துட்டாங்க பாரு" என்று புலம்பியது.

ஒரு நாள் மத்தியானம் ஆற்றில் ஏதோ மிதந்து வந்தது. பார்த்தால் ஒரு மான்குட்டி! முங்கன் ஒரே பாய்ச்சலில் போய் இழுத்து வந்து, வயிற்றை அமுக்கித் தண்ணீரை வெளியேற்றியது. குட்டி இருமிக்கொண்டு கண் திறந்தது. ஆனால் அதன் முன்னங்கால் பாறையில் மோதி ஒடிந்திருந்தது.

கரையோடு தாய்மான் மூச்சிரைக்க ஓடி வந்தது. "ஐயோ, என் கண்ணு! உசிரு இருக்கா?"

"இருக்கு, அழாதே! எங்கே விழுந்தான்?"

"மருத மரத்துக்கிட்டே. பாறை இடுக்கிலே சிக்கிக்கிட்டு நின்னான்."

"அப்பவே என்னைக் கூப்பிட்டிருக்கலாமே!"

"கூப்பிடாமலா? ஆமையக்கா சொன்னபடி மருத வேரடியிலே நின்னு தொண்டை கிழியக் கத்தினேன், அண்ணே! உள்ளேருந்து ஒரு நண்டுதான் வந்துச்சு. அதுக்குள்ளே தண்ணி இவனை இழுத்துக்கிட்டுப் போயிடுச்சு!"

முங்கனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நேரே ஆமையிடம் நீந்திப் போனது. "நான் இல்லாத இடத்துக்கு அவளை ஏன் அனுப்பினே?"

ஆமை ஓட்டுக்குள்ளிருந்து தலையை நீட்டிப் பார்த்தது. "அட முங்கா! நீ உசிரோடதான் இருக்கியா?"

"எனக்கென்ன கேடு!"

"நீ சொன்ன இடத்துக்குத்தானே அனுப்பினேன்! வீடு மாறினதைச் சொன்னியா? முயல் வந்தா, கீரி வந்தான், உன்னைக் கேட்டு வராத ஆளில்லை. வேரடியிலே கூப்பிட்டுப் பார்த்துட்டு, வெள்ளத்திலே முங்கன் போயிட்டான்னு அழுதுக்கிட்டே திரும்பினாங்க. உன் பேரை எடுத்துடத்தான் நினைச்சேன். மனசு வரலைடா. எங்கேயாவது இருக்க மாட்டியான்னு ஒரு ஆசை. அது என் தப்புதான்."

முங்கன் தலையைத் தொங்கப் போட்டது. தன்னை மறந்துவிட்டார்கள் என்று அது திட்டிய அத்தனை பேரும் தனக்காக அழுதிருக்கிறார்கள்! அதன் கண்ணிலும் நீர் முட்டியது.

"தப்பு என் மேலேதான், அக்கா. இனிமே மூங்கில் புதரடின்னு சொல்லு. இப்போ அந்தக் குட்டிக்குக் கால் ஒடிஞ்சு கிடக்கு. கட்டுப்போட யார் இருக்கா?"

"நாரை இருக்கான். இடம் நாணல் திட்டு."

"நிச்சயமா அங்கேதான் இருப்பானா?"

"இருப்பான். நேத்துதான் அங்கே குடிபோனான். போன கையோட வந்து சொல்லிட்டான்."

முங்கன் நாணல் திட்டுக்குப் பறந்தடித்துப் போய்க் குரல் கொடுத்தது. முதல் குரலுக்கே நாரை எட்டிப் பார்த்தது.

பிறருக்கு உதவும் திறமை இருந்தால் மட்டும் போதாது. தேடி வருபவர் கண்டுபிடிக்கும்படி இருப்பதும் நம் பொறுப்புதான்.