ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் சாப்பாடு

ஆடிக் காற்றில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சத்துணவுக் கூடம் இடிந்து விழுந்தது. சமையல்காரி செங்கமலம் புங்கமரத்தடியில் அடுப்பு மூட்டி, தூறலில் நனைந்துகொண்டே அறுபது பிள்ளைகளுக்குச் சமைத்தாள்.

கூடத்தை 'ரீகன்ஸ்ட்ரக்‌ஷன்' செய்யச் சொல்லி உத்தரவு வந்தது. இன்ஜினியர் தணிகாசலம் இடிந்த கூடத்தைப் பழையபடி படம் வரைந்து, வகுப்புச் சுவரில் மாட்டி, வேலை முடிந்தது என்று எழுதிவிட்டார்.

"கட்டடம் எங்க சார்?" என்று கேட்டாள் செங்கமலம்.

"அந்த வார்த்தைக்குத் திரும்பக் கட்டுறதுன்னும் அர்த்தம் உண்டு, முன்னாடி எப்படி இருந்துச்சுன்னு விவரமாக் காட்டுறதுன்னும் உண்டு. உத்தரவுல எதுன்னு போடலையே! உனக்கு இதெல்லாம் புரியாதும்மா."

"நல்லாப் புரியுது சார்."

அடுத்த வாரம் மேலதிகாரி பார்வையிட வந்தார். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்ததும் மேலதிகாரியும் தணிகாசலமும் வகுப்பில் இலை முன் உட்கார்ந்தார்கள். செங்கமலம் வெறுங்கையோடு வந்து நின்றாள்.

"நேத்து முருங்கைக்காய் சாம்பாருங்க. பெருங்காயம் கொஞ்சம் தூக்கல். முட்டை பதமா வெந்திருந்துச்சு."

"அது சரி, சாப்பாடு எங்க?" என்றார் தணிகாசலம்.

"இப்பப் போட்டேனே சார், ரீகன்ஸ்ட்ரக்‌ஷன் சாப்பாடு!"

மேலதிகாரி விழித்தார். செங்கமலம் சுவரில் இருந்த படத்தைக் காட்டி, இன்ஜினியர் சொன்ன அர்த்தங்களை அப்படியே ஒப்பித்தாள். மேலதிகாரிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சொல்லுங்க தணிகாசலம், உங்க இலைக்கு எந்த அர்த்தம் வேணும்?"

"முதல் அர்த்தமே போதும் சார்," என்று முனகினார் தணிகாசலம்.

செங்கமலம் சோற்றுக் குண்டானைக் கொண்டுவந்தாள். மறுநாள் காலை செங்கல் லாரி வந்தது.