எண்ணெய் கலந்த காரில் கொம்பையா பெண் பார்க்கப் போனது

சிரட்டைக்குளத்தில் அண்ணன் தம்பிகள் மூன்று பேர் இருந்தார்கள். மூவரும் நல்லவர்கள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பிற்பாடு மறந்துபோகும். மூத்தவன் கொம்பையா, நடுவுள்ளவன் பூலாண்டி, இளையவன் தளவாய். சொன்ன சொல்லை அட்சரம் பிசகாமல் செய்வார்கள். அதுதான் தொல்லை.

கொம்பையாவுக்கு முப்பத்தெட்டு வயது. ஆறு வீட்டில் பெண் பார்த்தாயிற்று. ஆறு வீட்டிலும் "சொல்லி அனுப்புறோம்" என்றார்கள். ஆள் வரும்போது வீடு பூட்டியிருக்கக் கூடாதே என்று, அன்றிலிருந்து தினம் ஒருத்தராக வாசலில் உட்கார்ந்திருந்தார்கள்.

ஏழாவதாக ஆவாரங்காட்டில் ஒரு பெண் அமைந்தது. பெயர் செண்பகம். இதுவும் தட்டிப்போனால் பையனுக்கு இந்த ஜென்மத்தில் கல்யாணம் இல்லை என்று தரகர் சொல்லிவிட்டார். அம்மா உலகம்மாள் பிள்ளையாருக்கு விளக்கேற்றி அழுதாள். அவளுடைய தம்பி கப்பலில் வேலை பார்க்கிறவன். மனசு கேட்காமல், வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்த தன் காரை ஒரு நாளைக்குக் கொடுத்தான்.

அது விசேஷமான கார். மெக்கானிக் சேவியர் வந்து விளக்கினார்.

"இதுல பிஸ்டன் கிடையாது. முக்கோணமா ஒண்ணு உள்ளே சுத்தும். அதோட மூணு முனையும் தேயாம இருக்க பெட்ரோல்லயே எண்ணெய் கலக்கணும். பத்து லிட்டருக்கு இந்தக் குப்பியில ஒண்ணு. முதல்ல எண்ணெய், மேல பெட்ரோல். நல்லாக் கலக்காம மட்டும் ஸ்டார்ட் பண்ணிடாதீங்க."

புதன்கிழமை காலை. பன்னிரண்டு மணிக்கு ராகுகாலம். அதற்குள் பெண் வீட்டு வாசலை மிதித்தாக வேண்டும்.

தளவாய் குப்பியைக் கையில் எடுத்து யோசித்தான். "அண்ணே, முனை மூணு இருக்கு. ஒருத்தரே ஊத்தினா ஒரு முனைக்குத்தானே போகும்?"

"நியாயம்தான்," என்றான் பூலாண்டி.

மூவரும் மூன்றில் ஒரு பங்காக ஊற்றினார்கள். தன் முனைக்குக் குறைந்துவிட்டது என்று தளவாய் கொஞ்சம் மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டான். பிறகு பத்து லிட்டர் பெட்ரோலையும் ஊற்றி மூடினார்கள்.

"கலந்திருக்குமா?" என்றான் கொம்பையா.

"டேங்குக்குள்ள யாருண்ணே போய்ப் பார்த்தா?"

குழாய் போட்டு அத்தனையையும் அண்டாவில் இறக்கினார்கள். கொம்பையா குனிந்து அகப்பையால் துழாவினான். சீராக இளம்பச்சையாக இருந்தது. சந்தோஷமாகத் திரும்ப ஊற்றினார்கள்.

"இப்பவும் கலந்தே இருக்குமா?" என்றான் பூலாண்டி.

மறுபடி இறக்கினார்கள். இப்படி மூன்று தடவை. கொம்பையாவின் புது வேட்டி முழுக்க பெட்ரோல் வாடை. ஆவி பட்டுப்பட்டு அவன் கண் மிளகாய்ப்பழமாகச் சிவந்துவிட்டது.

அம்மா வெளியே வந்தாள். "மணி பத்தாயிட்டுலே! இன்னும் என்ன ஆராய்ச்சி? கொம்பையா, பொண்ணை நல்லாப் பார்த்துட்டு வா. போன தடவை மாதிரி காபி டம்ளரையே பார்த்துட்டு வந்திராதே."

"கலக்காம எப்படிம்மா கிளம்புறது?"

தளவாய்க்குத்தான் புத்தி வந்தது. "கண்மாய்க்கரை ரோட்டுல இடதுபக்கம் பூரா பள்ளம்தானே? தள்ளிட்டே போவோம். குலுங்கிக் குலுங்கித் தானா கலந்திடும். கலந்த பிறகு ஓட்டுவோம்."

பூலாண்டி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொள்ள, மாப்பிள்ளையும் தளவாயும் பின்னால் நின்று தள்ளினார்கள். அந்த ரோடு கோடு போட்ட மாதிரி மூன்று கிலோமீட்டர். பன்னிரண்டுக்கு ஐந்து நிமிஷம் இருக்கையில் ரோடு முடிந்தது. முடிகிற இடம் பெண் வீட்டு வாசல்.

பெண்ணின் அப்பா ஆவுடையப்பன் மரியாதை பார்க்கிற மனுஷர். வாசலில் நின்று மேலும் கீழும் பார்த்தார்.

"கார்ல வர்றதா தரகர் சொன்னாரே?"

"கார்தான் மாமா. நல்லா ஓடும். இன்னும் ஓட்டலை," என்றான் கொம்பையா, வேர்வையை வழித்துக்கொண்டு.

"ஏன்?"

"கலக்கிட்டு இருந்தோம்."

செண்பகம் காபி கொண்டுவந்தாள். கொம்பையா அம்மா சொன்னதை நினைத்து நிமிர்ந்து பார்த்தான். எரிச்சலில் கண்ணீர் தாரை தாரையாகக் கொட்டியது. பெண் இருக்கிற திசைதான் தெரிந்தது.

"பொண்ணைப் பார்த்தா அழுகிறாரு?" என்று உள்ளே ஒரு குரல் கேட்டது.

ஆவுடையப்பன் எழுந்து தோளில் துண்டைப் போட்டார். "சரி, சொல்லி அனுப்புறோம்."

தம்பிகளுக்குப் பரம திருப்தி. கொம்பையாவுக்கு மட்டும் ஏனோ முகம் வாடிவிட்டது. "நான் இன்னும் நல்லாப் பார்க்கலையே," என்று முணுமுணுத்துக்கொண்டே போய்க் காரின் முன்சீட்டில் உட்கார்ந்தான்.

பூலாண்டி சாவியைத் திருகினான். கார் வண்டுபோல் ரீங்காரமிட்டது. வண்டியைத் திருப்பப் போனபோது தளவாய் அலறினான்.

"திருப்பாதேண்ணே! வரும்போது பள்ளமெல்லாம் இடதுபக்கம் இருந்துச்சு. திருப்பினா வலதுபக்கம் வந்திரும். இடதுபக்கம் குலுங்கிக் கலந்தது, வலதுபக்கம் குலுங்கினா பிரிஞ்சிராதா?"

பூலாண்டி உடனே ரிவர்ஸ் கியரைப் போட்டான். கார் திரும்பாமல், பெண் வீட்டைப் பார்த்தபடியே மெள்ளப் பின்னால் போனது. வெளிக்காற்றில் கொம்பையாவுக்குக் கண் தெளிந்தது. வாசலில் செண்பகம் நின்றாள். கையெடுத்துக் கும்பிட்டான். அவள் சிரித்துவிட்டாள். கும்பிட்ட கையை அவன் இறக்கவே இல்லை.

ஆவுடையப்பனுக்கு உடம்பு புல்லரித்தது. "அடியே, இங்க பாரு! சாமி சந்நிதியிலருந்து போறமாதிரி, நமக்கு முதுகு காட்டாமப் போறாரு! இப்படி ஒரு மாப்பிள்ளை எங்க கிடைப்பாரு? இவருதான் மருமகன்!"

மரியாதையில் அவர் மட்டும் குறைந்தவரா? அவரும் காருக்கு முதுகு காட்டாமல், கும்பிட்டபடியே பின்னுக்கு நடந்து வீட்டுக்குள் போனார். போனது பக்கத்து வீடு. அங்கேயே உட்கார்ந்து காபி கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, சம்மதம் என்று அந்த வீட்டுப் பையனிடமே சைக்கிளில் சொல்லி அனுப்பினார். வழியில் பின்னுக்குப் போய்க்கொண்டிருந்த காரைத் தாண்டி, பையன் முன்னாலேயே வந்து சேர்ந்துவிட்டான்.

உலகம்மாள் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு வாசலுக்கு ஓடிவந்தாள்.

"பொண்ணை நல்லாப் பார்த்தியாடா ராசா?"

"மூணு கிலோமீட்டர் பார்த்தேம்மா. லட்சணமா இருக்கா. ஒரே ஒரு குறைதான்."

"என்னடா?"

"வரவரச் சின்னதாயிட்டே போனா. கடைசியில ஒரு எறும்பு அளவுதான் இருந்தா."

அம்மாவுக்குக் கவலை வந்துவிட்டது. பிறகு, பெண் வளரட்டும் என்று, தை மாதம் வைக்க இருந்த முகூர்த்தத்தை வைகாசிக்குத் தள்ளிவைத்தாள்.