இடுப்பு வைத்த ஆமை

தோக்கியோவின் மேற்கு ஓரத்தில், மின்ரயில் வந்த வழியே திரும்பிப் போகும் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில், ஒரு கரடி ரொட்டி சுட்டு விற்றுக்கொண்டிருந்தது. காகிதக் கரடிதான். குழந்தைகள் பத்திரிகை ஒன்றில் மாதாமாதம் படக்கதையாக வரும். அதைப் பார்த்துக்கொண்டே சோறு தின்னும் பிள்ளைகள் உண்டு. பார்க்காமல் தின்னவே மாட்டேன் என்று அடம்பிடிக்கும் பிள்ளைகள் அதைவிட அதிகம்.

கரடியை வரைபவர் நிஷிவாகி என்ற பெண்மணி. நாற்பதைத் தொடாதவர். அவரிடம் உதவியாளராகச் சேர்ந்திருந்தவர் ஒனுகி. நிஷிவாகியைவிட மூத்தவர், முன்தலையில் முடி காலி. தன்னைவிடச் சின்னவரை 'சென்செய்' என்று கூப்பிட அவருக்குக் கூச்சமே இல்லை. சென்செய் என்றால் அங்கே குரு. வித்தை அவரிடம் இருக்கிறது, வயசு என்னிடம் இருக்கிறது, அவ்வளவுதானே என்பார். நிஷிவாகியும் பெரியவர் என்ற மரியாதையோடு 'ஒனுகி சான்' என்றுதான் கூப்பிடுவார்.

கரடிக் கடையின் கூரை ஓடுகளுக்குக் கோடு போடுவது, ரொட்டிக்கு நிழல் போடுவது, இதுதான் ஒனுகியின் வேலை. அதைச் செய்துகொண்டே சொந்தமாக ஒரு தொடருக்கும் கதை தயார் செய்தார். தபால்கார ஆமையின் கதை. எந்தக் கடிதமும் நேரத்துக்குப் போய்ச் சேராது. கதையைக் கேட்டுப் பத்திரிகை ஆசிரியர் தெராவோ அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். படத்தைப் பார்த்ததும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

ஏனென்றால் ஆமைக்கு இடுப்பு இருந்தது.

ஒனுகி வேண்டுமென்று வைக்கவில்லை. சத்தியமாக வைக்கவில்லை. ஆனால் ஆமை தபால்பெட்டியில் சாய்ந்து நின்றால் ஒரு முழங்கால் தானாக மடங்கியது. கழுத்து ஒரு பக்கம் சரிந்தது. இமை பாதி மூடிக்கொண்டது. கடிதம் கொடுக்க வந்த ஆமை வேறு எதற்கோ வந்தது போல நின்றது.

"ஆமைக்கு என்ன ஆச்சு?" என்று கேட்டார் தெராவோ.

"மறுபடி வரைஞ்சு கொண்டு வர்றேன்," என்று தாள்களை வாரிச் சுருட்டிக்கொண்டு ஓடி வந்துவிட்டார் ஒனுகி.

என்ன ஆச்சு என்று அவருக்குத் தெரியும். நிஷிவாகியிடம் வருவதற்கு முன்னால், வெகுகாலம், அவர் வயது வந்தோருக்கான படக்கதைகள் வரைந்தவர். கடையின் மேல் தட்டில் பிளாஸ்டிக் உறை போட்டு வைப்பார்களே, அந்தச் சரக்கு. 'அந்திப் புயல்' என்று புனைபெயர். வீட்டில் மகள் கோஹாருவிடம், தீயணைப்புக் கருவிகளுக்கு விளக்கப்படம் வரைவதாகச் சொல்லி வைத்திருந்தார். காட்டுங்கப்பா என்று அவள் ஒருநாள் கேட்டுவிட, அவசர அவசரமாக ஒரு கருவியை வரைந்து காட்டினார். குழந்தை அதைப் பள்ளிக்கூடத்துக்கு எடுத்துக்கொண்டு போய், எங்கப்பா வரைஞ்சது என்று சுவரில் ஒட்ட வைத்துவிட்டாள். நல்லவேளை, அந்தக் கருவிக்கும் இடுப்பு இருந்ததை அங்கே யாரும் கவனிக்கவில்லை.

அந்தச் சுவரை ஒனுகி மறக்கவில்லை. சொந்தப் பெயர் அச்சான ஒரே ஒரு பக்கத்தை அவள் கையில் கொடுத்துவிட வேண்டும். வேறு ஆசை அவருக்கு இல்லை.

இரண்டாவது தடவை ஆமையை அளவுகோல் வைத்து வரைந்துகொண்டு போனார்.

"இது செத்துப்போச்சா?" என்று கேட்டார் தெராவோ. பிறகு கொஞ்சம் இரங்கி, "இந்த மாசக் கரடிப் பக்கங்களை வாங்க வருவேன். அப்ப இன்னொரு தடவை காட்டுங்க. அதுவும் சரிவரலைன்னா வேற ஆளைப் பார்த்துக்கறேன்," என்றார்.

அந்த நாளும் வந்தது. ஒனுகியிடம் இடுப்புள்ள ஆமை ஒன்றும் இறந்துபோன ஆமை ஒன்றும் இருந்தன. காலையில் வந்ததும் நேரே நிஷிவாகியின் மேசைக்குப் போனார்.

"சென்செய், கையைக் கழுவறது எப்படி?"

"சோப்பு குழாய்கிட்ட இருக்கு."

"இது அந்த அழுக்கு இல்லை."

எல்லாவற்றையும் கொட்டிவிட்டார். மேல் தட்டு, தீயணைப்புக் கருவி, ஆமை, புனைபெயர், ஒன்றையும் விடவில்லை. நிஷிவாகி பேனாவைக் கீழே வைக்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். புனைபெயர் வந்ததும்தான் தலை நிமிர்ந்தது.

"அந்திப் புயல் நீங்கதானா? வெந்நீர் ஊற்று விடுதிக் கதை போட்டவர்?"

ஒனுகியின் முகத்தில் ஈயாடவில்லை. "உங்களுக்கு எப்படி..."

"நானும் அங்கதான் இருந்தேன். 'நனைந்த குடை'ன்னு பேர்."

ஒனுகி பக்கத்திலிருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். நனைந்த குடையைத் தெரியாதவர் அந்தத் தொழிலில் கிடையாது. அந்தக் கதைகளில் பெய்த மழையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கோடு கோடாகப் பார்த்துப் பழகியவர் ஒனுகி.

"நனைந்த குடை ஒரு கிழவர்," என்றார் பாவமாக.

"எல்லாரும் அப்படித்தான் சொன்னாங்க."

"அப்ப நீங்க மட்டும் எப்படி சென்செய் கழுவினீங்க? கரடிகிட்ட அந்த வாடையே இல்லையே."

நிஷிவாகி மத்தியானம் கொடுக்க வேண்டிய பக்கங்களிலிருந்து ஒன்றை உருவினார். விடியற்காலையில் கரடி மாவு பிசைகிறது, வெளியே மழை பெய்கிறது, வாசலில் ஒரு தொப்பைப் போலீஸ்காரர் கீழே விழுந்த பன்னைக் குனிந்து எடுக்கிறார். அந்தப் பக்கத்தோடு வெள்ளை மை புட்டியையும் ஒரு பிரஷ்ஷையும் ஒனுகியின் கையில் கொடுத்தார்.

"இதுல நான் அங்க கத்துக்கிட்டது எதெதுவோ, அதையெல்லாம் வெள்ளை அடிச்சிடுங்க. மிச்சம் இருக்கறதுதான் கழுவின கை."

"இது அசல் பக்கம் சென்செய். தெராவோ அம்மா மத்தியானம் வந்துடுவாங்க."

"தெரியும்."

ஒனுகி தன் மேசைக்குப் போனார். ரொட்டி சுடும் கரடியில் அப்படி என்ன இருந்துவிடப் போகிறது, ஒரு சொட்டு மை போதும் என்று தெம்பாகத்தான் உட்கார்ந்தார்.

முதலில் மாவு. கரடியின் விரல்கள் அதில் பாதி புதைந்திருந்தன. விரலுக்கு விரல் நடுவே மாவு பிதுங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பிதுக்கத்தை ஒனுகி வருஷக்கணக்காக வரைந்திருக்கிறார். மாவில் இல்லை. யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு வெள்ளை அடித்தார்.

அடுத்து முகம். ரொட்டி வாசனையில் கரடி கண்ணை மூடியிருந்தது. கன்னம் சிவந்து, வாய் லேசாகத் திறந்து, சொர்க்கத்தில் நின்றது. அட கடவுளே, இந்த முகமா என்று ஒனுகிக்கு வியர்த்துவிட்டது. அடித்தார்.

அடுப்பிலிருந்து நீராவி. அந்தத் தொழிலில் எதை மறைக்க வேண்டுமோ அங்கே நீராவி வந்துவிடும். நீராவியில் பட்டம் வாங்காமல் அங்கே யாரும் குப்பை கொட்ட முடியாது. அடித்தார். கரடியின் முதுகில் ஏப்ரன் முடிச்சு, அவிழ்ந்தும் அவிழாமலும். அதைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுவிட்டு அடித்தார்.

போலீஸ்காரரிடம் வந்ததும் கை நின்றது. பக்கத்தைத் தூக்கிக்கொண்டு போனார்.

"சென்செய், போலீஸ்காரருமா?"

"குனிஞ்சா இடுப்பு பிடிச்சுக்குதுன்னு வரையணும்னா, இடுப்பு எங்க இருக்குன்னு தெரியணுமே."

போலீஸ்காரரும் போனார். கடைசியில் ஜன்னலுக்கு வெளியே மழை மட்டும் நின்றது.

"மழையை விட்டுடலாம் இல்லையா?"

"மழைதான் முதல்ல போகணும். அங்க அவங்க கேட்ட பக்கங்களைக் கொடுத்துட்டா, மிச்சப் பக்கங்கள்ல என்ன வரைஞ்சோம்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க. நான் மழை வரைஞ்சேன்."

ஒனுகி பிரஷ்ஷை மையில் தோய்த்தார். அவர் படித்த மழை அது. கண்ணை இடுக்கிக்கொண்டு, ஒவ்வொரு கோடாக அடைத்தார். முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுத்தார். பக்கம் பளீரென்று இருந்தது.

"இந்தக் கோடெல்லாம் என்ன?" என்றார் நிஷிவாகி.

"படத்தைச் சுத்திப் போடற கட்டம் சென்செய். அளவுகோல் வெச்சுப் போட்டது."

"நல்லது. இதை வெச்சு ஆமை வரைஞ்சுக்குங்க."

ஒனுகி வாயைத் திறப்பதற்குள் வாசல் மணி அடித்தது. தெராவோ அம்மாள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே வந்துவிட்டார். பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தவர், வெள்ளைப் பக்கத்தில் நின்றார். திருப்பிப் பார்த்தார். பின்பக்கமும் வெள்ளைதான்.

"கரடி எங்கே?"

"அந்தப் பக்கத்தை ஒனுகி சான் வரைவார்," என்றார் நிஷிவாகி. "நீங்க டீ குடிங்க."

"அச்சகத்துல ஆள் நிக்கிறாங்க."

"சீக்கிரமா குடிங்க."

ஒனுகிக்குக் கை கால் ஓடவில்லை. இன்னொருவர் கரடி, இன்னொருவர் பக்கம், தலைக்கு மேலே பத்திரிகை ஆசிரியர். புதுத் தாளை எடுத்தார். அளவுகோலைத் தேடினார், அகப்படவில்லை. அது நிஷிவாகியின் மடியில் இருந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது.

மாவிலிருந்து ஆரம்பித்தார். விரல் புதைந்தது, மாவு பிதுங்கியது. கரடி கண்ணை மூடிக்கொண்டது. ஜன்னலில் மழை பிடித்துக்கொண்டது. போலீஸ்காரருக்கான இடம் வந்தபோது ஏன் என்று தெரியவில்லை, கை ஆமையைப் போட்டது.

ஆமை மழையில் நனைந்து, கரடிக்கு ஒரு கடிதத்தோடு உள்ளே வந்திருந்தது. வழக்கம்போல நேரம் கழித்து. கடை மேடையில் சாய்ந்து நின்றது. ஒரு முழங்கால் மடங்கியது. ஒனுகி அந்தக் காலைப் பார்த்தார். நாள் முழுக்க நடந்த கால், வலிக்கத்தானே செய்யும் என்று தோன்றியது. கழுத்து சரிந்தது. அந்தப் பக்கத் தோளில் கனமான தபால் பையை மாட்டினார். இமை பாதி மூடியது. ரொட்டி வாசனைக்கும் அலுப்புக்கும் நடுவே அது மூடட்டும் என்று விட்டுவிட்டார். இடுப்பு இருந்த இடத்திலேயே இருந்தது.

தெராவோ முதுகுக்குப் பின்னால் வந்து நின்றிருந்தார். டீ ஆறிப்போயிருந்தது.

"ஐயோ பாவம்," என்றார். "அதுக்கு உட்கார ஒரு ஸ்டூல் போடுங்க."

ஒனுகி ஸ்டூல் போட்டார்.

"இத்தனை நாளா எங்க வரைஞ்சுக்கிட்டிருந்தீங்க?"

எந்தக் கேள்விக்குப் பயந்து இத்தனை பாடும் பட்டாரோ, அது வந்துவிட்டது. தீயணைப்புக் கருவி நாக்கு நுனி வரைக்கும் வந்தது. நிஷிவாகியைப் பார்த்தார். அவர் தலை நிமிராமல் அடுத்த மாசப் பக்கத்தில் கூரை ஓடுகளுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார். அது ஒனுகியின் வேலை.

"மேல் தட்டுல," என்றார் ஒனுகி. "பிளாஸ்டிக் உறை போட்டு விப்பாங்களே, அதுல."

தெராவோ ஆமையைப் பார்த்தார். கரடியின் மாவைப் பார்த்தார். ஓடு போட்டுக்கொண்டிருந்த நிஷிவாகியையும் ஒரு பார்வை பார்த்தார்.

"ஸ்டூல் எல்லா மாசமும் இருக்கட்டும்," என்றார். "தொடர்ல வரைஞ்சவர் பேர் என்னன்னு போடறது?"

"ஒனுகி. ஒனுகி தமோத்சு." சொல்லிக்கொண்டே ஒரு தாளில் எழுதியும் காட்டினார்.

மை காயாத பக்கத்தை விசிறிக்கொண்டே தெராவோ ரயிலுக்கு ஓடினார். ஒனுகி தன் மேசைக்குத் திரும்பி, மிச்ச ஓடுகளுக்குக் கோடு போட ஆரம்பித்தார். நாலு ஓடு போட்டதும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"சென்செய்."

"ம்."

"கோஹாரு நாளைக்கு வளர்ந்து பெரிய பொண்ணாகி, ஏதாவது பழைய புத்தகக் கடையில அந்திப் புயலைப் பார்த்துட்டா?"

"பார்ப்பா."

"நான் அவகிட்ட என்ன சொல்றது?"

"அதுலயும் மழை வரைஞ்சிருக்கீங்களா?"

"நிறைய. அத்தனையும் உங்ககிட்ட திருடினது."

நிஷிவாகி அளவுகோலை நீட்டினார்.

"அப்ப, மழை சரியா வந்திருக்கான்னு அவகிட்ட கேளுங்க."